இரண்டு வளைவரைகளுக்கு இடைப்பட்ட பரப்பு: ஒரு கீற்றிலிருந்து தொடங்குவோம்

இரண்டு வளைவரைகளுக்கு நடுவே அடைபட்ட பரப்பைக் கேட்கும் கணக்குகளில் விடை தவறிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தவறு பெரும்பாலும் தொகையிடும் வரியில் இருப்பதில்லை. அதற்கு முன்பே, எதிலிருந்து எதைக் கழிப்பது, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தீர்மானிக்கும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் தொகையிடலுக்குக் கொஞ்ச இடமும் அதற்கு முந்தைய வேலைக்கு நிறைய இடமும் கொடுக்கப்போகிறேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டுதான்: எக்ஸ்², எக்ஸ்³ போன்ற அடுக்குகளைத் தொகையிடும் விதி, இருபடிச் சமன்பாட்டுக்குத் தீர்வு காணும் வழி. ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். வரைபடத் தாள் தேவையில்லை, கையால் கிறுக்கும் படமே போதும். ஆனால் படம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

முதல் படி: படமும் சந்திப்புப் புள்ளிகளும்

ஒரு பரவளையத்தையும் ஒரு நேர்கோட்டையும் எடுத்துக்கொள்வோம்.

ஒய் = 6எக்ஸ் − எக்ஸ்²
ஒய் = 2எக்ஸ்

பரவளையம் ஆதிப்புள்ளியில் கிளம்பி, எக்ஸ் = 3 என்ற இடத்தில் 9 வரை உயர்ந்து, எக்ஸ் = 6 என்ற இடத்தில் மறுபடி அச்சுக்கு இறங்குகிறது. நேர்கோடும் ஆதிப்புள்ளியிலேயே கிளம்பிச் சீராக ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு சாய்ந்த இலை போன்ற வடிவத்தை அடைக்கின்றன. அந்த இலையின் பரப்புதான் நமக்கு வேண்டும்.

இலையின் நுனிகள் எங்கே? இரண்டு ஒய் மதிப்புகளும் சமமாகும் இடத்தில்:

6எக்ஸ் − எக்ஸ்² = 2எக்ஸ்

இந்த இடத்தில் அவசரப்பட்டு இருபுறமும் எக்ஸால் வகுத்துவிடாதீர்கள். வகுத்தால் எக்ஸ் = 4 மட்டும் மிஞ்சும், எக்ஸ் = 0 என்ற தீர்வு காணாமல் போகும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள்: எக்ஸ்(4 − எக்ஸ்) = 0. ஆகவே எக்ஸ் = 0, எக்ஸ் = 4. இவைதாம் கீழ் எல்லையும் மேல் எல்லையும்.

இரண்டாம் படி: ஒரு கீற்றை வரைந்து அதன் நீளத்தைச் சொல்லுங்கள்

இந்தப் பாடம் முழுவதும் இந்தப் படியில்தான் நிற்கிறது. இலைக்குள் எங்காவது ஓர் இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கீற்றை வரையுங்கள். கீற்றின் மேல்முனை எந்த வளைவரையைத் தொடுகிறது? கீழ்முனை எதைத் தொடுகிறது? கீற்றின் நீளம் என்ன?

எக்ஸ் = 1 என்ற இடத்தில் பரவளையத்தின் உயரம் 5, நேர்கோட்டின் உயரம் 2. கீற்றின் நீளம் 3. எக்ஸ் = 2 என்ற இடத்தில் 8, 4; நீளம் 4. எக்ஸ் = 3 என்ற இடத்தில் 9, 6; நீளம் 3. இரண்டு நுனிகளிலும் நீளம் 0. பொதுவாக எந்த எக்ஸ் மதிப்புக்கும்,

கீற்றின் நீளம் = (6எக்ஸ் − எக்ஸ்²) − 2எக்ஸ் = 4எக்ஸ் − எக்ஸ்²

தொகையிடுவதற்கு முன் கையாலேயே ஒரு மதிப்பீடு செய்து பாருங்கள். இலையை 1 அலகு அகலமுள்ள நான்கு துண்டுகளாக வெட்டுவோம். ஒவ்வொரு துண்டையும் இருபுற விளிம்புகளின் நீளம் தெரிந்த சரிவகமாகக் கருதினால் மொத்தம் 0 + 3 + 4 + 3 + 0, அதாவது 10 வருகிறது. அதற்குப் பதில் ஒவ்வொரு துண்டின் நடுவில், 0.5, 1.5, 2.5, 3.5 ஆகிய இடங்களில் நீளத்தை அளந்து செவ்வகங்களாக வைத்தால் 1.75 + 3.75 + 3.75 + 1.75 = 11. நீளம் ஏறி இறங்கும் விதம் வெளிப்புறமாகப் புடைத்திருப்பதால், சரிவகங்கள் அந்தப் புடைப்பை விட்டுவிடுகின்றன. நடுக்கோட்டுச் செவ்வகங்களோ சற்றே கூடுதலாகத் தருகின்றன. ஆக, உண்மையான பரப்பு 10-க்கும் 11-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இன்னும் ஒரு தொகையீட்டைக்கூடச் செய்யவில்லை, அதற்குள் விடையின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம்.

மூன்றாம் படி: கீற்றுகளைக் கூட்டுதல்

துண்டுகளின் அகலத்தைக் குறைத்துக்கொண்டே போனால் மதிப்பீடு உண்மைப் பரப்பை நெருங்குகிறது. அந்த எல்லை மதிப்பைத்தான் வரையறுத்த தொகை என்கிறோம். ∫ என்ற குறியைப் பார்த்து மிரள வேண்டாம். இலத்தீனில் கூட்டுத்தொகையைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்தை, நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் 1675-இல் நீட்டி எழுதினார், அதுவே குறியாயிற்று. எனவே ∫ என்றால் 'கூட்டு', டிஎக்ஸ் என்றால் 'கீற்றின் அகலம்', நடுவில் இருப்பது 'கீற்றின் நீளம்'. இப்படி வாசிக்கப் பழகியவர்களுக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே எழாது.

பரப்பு = ∫ (4எக்ஸ் − எக்ஸ்²) டிஎக்ஸ், எக்ஸ் = 0 முதல் 4 வரை

தொகையிட்டால் 2எக்ஸ்² − எக்ஸ்³/3. எக்ஸ் = 4 என்று இட்டால் 32 − 64/3 = 32/3. எக்ஸ் = 0 என்று இட்டால் 0. ஆகவே பரப்பு 32/3 சதுர அலகுகள், ஏறத்தாழ 10.67. நாம் எதிர்பார்த்தபடியே 10-க்கும் 11-க்கும் நடுவில் வந்திருக்கிறது.

இந்த விடையை நுண்கணிதமே இல்லாமலும் சரிபார்க்கலாம். ஒரு பரவளையத்தை ஒரு நேர்கோடு வெட்டும்போது கிடைக்கும் துண்டின் பரப்பு, அதற்குள் வரையப்படும் ஒரு குறிப்பிட்ட முக்கோணத்தின் பரப்பைப் போல 4/3 மடங்கு என்று கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் நிறுவினார். முக்கோணத்தின் இரண்டு முனைகள் இலையின் நுனிகள். மூன்றாவது முனை, அவற்றுக்குச் சரிபாதியில், அதாவது எக்ஸ் = 2 என்ற இடத்தில், பரவளையத்தின் மேல் உள்ள புள்ளி. அங்கே கீற்றின் நீளம் 4, இலையின் மொத்த அகலம் 4. முக்கோணத்தின் பரப்பு ½ × 4 × 4 = 8. அதன் 4/3 மடங்கு 32/3. நியூட்டனுக்கும் லைப்னிட்ஸுக்கும் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதே எண்ணுக்கு வந்து சேரும் வழியைக் கண்டிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அச்சுக்குக் கீழே போனால்?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் கேள்வி இது. 'அச்சுக்குக் கீழே உள்ள பரப்பு எதிர்மறையாக வரும், அதைத் தனியாகப் பிரிக்க வேண்டும்' என்று ஒரு வளைவரைக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பைப் படித்தபோது கற்றிருப்பீர்கள். இரண்டு வளைவரைகளுக்கு நடுவே அந்தக் கவலை வேண்டியதில்லை.

மேலே வரைந்த இலையை அப்படியே 10 அலகு கீழே இறக்குங்கள். சமன்பாடுகள் ஒய் = 6எக்ஸ் − எக்ஸ்² − 10 என்றும் ஒய் = 2எக்ஸ் − 10 என்றும் மாறும். இலை முழுவதும் இப்போது அச்சுக்குக் கீழே கிடக்கிறது. கீற்றின் நீளம்? மேலிருப்பதிலிருந்து கீழிருப்பதைக் கழித்தால் இரண்டு −10-உம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, அதே 4எக்ஸ் − எக்ஸ்² மிஞ்சுகிறது. பரப்பு அதே 32/3. ஓர் இலையைத் தாளில் எங்கே நகர்த்தினாலும் அதன் பரப்பு மாறாது. அச்சு எங்கே போகிறது என்பது இங்கே பொருட்டே அல்ல. எந்த வளைவரை மேலே இருக்கிறது என்பது மட்டுமே பொருட்டு.

வளைவரைகள் இடம் மாறும்போது

இப்போது வேறொரு சோடி:

ஒய் = எக்ஸ்³ − 4எக்ஸ்² + 4எக்ஸ்
ஒய் = எக்ஸ்

சமப்படுத்தினால் எக்ஸ்³ − 4எக்ஸ்² + 3எக்ஸ் = 0, அதாவது எக்ஸ்(எக்ஸ் − 1)(எக்ஸ் − 3) = 0. சந்திப்புகள் 0, 1, 3 என மூன்று. மூன்று சந்திப்புகள் இருந்தால் இரண்டு அறைகள் இருக்கின்றன என்று பொருள். ஒவ்வோர் அறையிலும் ஏதாவது ஓர் எண்ணை இட்டு யார் மேலே என்று பாருங்கள். எக்ஸ் = 0.5 என்ற இடத்தில் வளைவரையின் உயரம் 1.125, நேர்கோட்டின் உயரம் 0.5. வளைவரை மேலே. எக்ஸ் = 2 என்ற இடத்தில் வளைவரை 0, நேர்கோடு 2. இப்போது நேர்கோடு மேலே. நடுவில் எக்ஸ் = 1 என்ற இடத்தில் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

நான் மாணவனாக இருந்தபோது இதே வகைக் கணக்கில், பெரிய அறையை மட்டும் பார்த்து 'நேர்கோடுதான் மேலே' என்று முடிவு செய்து, 0 முதல் 3 வரை ஒரே மூச்சில் தொகையிட்டேன். அந்த வழியில் இங்கே வரும் விடை 9/4. நேர்மறை எண், பார்க்கவும் நம்பும்படி இருக்கிறது. ஆனால் தவறு. விடை எதிர்மறையாக வந்தால் ஏதோ பிழை என்று விழித்துக்கொள்வோம். நேர்மறையாக வந்துவிட்டால் அந்த எச்சரிக்கையும் இல்லை. அன்றிலிருந்து, கூட்டல் குறியோடு வந்த விடையை அதற்காகவே நான் நம்புவதில்லை.

சரியான வழியில் செய்வோம். முதல் அறையில் கீற்றின் நீளம் எக்ஸ்³ − 4எக்ஸ்² + 3எக்ஸ். இதைத் தொகையிட்டால் எக்ஸ்⁴/4 − 4எக்ஸ்³/3 + 3எக்ஸ்²/2. இதில் எக்ஸ் = 1 என்று இட்டால் 1/4 − 4/3 + 3/2 = 5/12. எக்ஸ் = 3 என்று இட்டால் 81/4 − 36 + 27/2 = −9/4.

முதல் அறையின் பரப்பு 5/12. இரண்டாம் அறையில் மேல், கீழ் மாறியிருப்பதால் குறியையும் மாற்ற வேண்டும்: 5/12 − (−9/4) = 32/12. மொத்தப் பரப்பு 37/12, ஏறத்தாழ 3.08.

தவறான விடை 9/4 எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெளிவாகத் தெரியும். அது 32/12 − 5/12. சிறிய அறையைக் கூட்டுவதற்குப் பதில் கழித்திருக்கிறோம்.

இரண்டாம் அறைக்கான நீளத்தை நேரடியாக எழுத விரும்பினால் அடைப்புக்குறியை மறக்காதீர்கள். எக்ஸ் − (எக்ஸ்³ − 4எக்ஸ்² + 4எக்ஸ்) என்பதைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் மூன்று உறுப்புகளின் குறியும் மாறும். முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு நகர்வது மிகப் பரவலான கைப்பிழை.

மேல் எது, கீழ் எது என்று பார்க்காமல் வித்தியாசத்தின் மட்டு மதிப்பைத் தொகையிட்டால் போதும் என்று சில நூல்கள் ஒரே வரியில் சொல்லும். அது உண்மைதான். ஆனால் மட்டுக்குறியை நீக்குவதற்கு நீங்கள் செய்யப்போகும் வேலையும் இதே அறை பிரிக்கும் வேலைதான்.

கீற்றைப் படுக்க வைத்தல்

சில வடிவங்களில் நிற்கும் கீற்று தொல்லை தரும். எக்ஸ் = ஒய்² என்ற பரவளையம் வலப்பக்கம் திறந்து படுத்திருக்கிறது. அதை எக்ஸ் = ஒய் + 6 என்ற நேர்கோடு வெட்டுகிறது. ஒய்² − ஒய் − 6 = 0 என்பதிலிருந்து ஒய் = −2, ஒய் = 3. புள்ளிகளாகச் சொன்னால் (4, −2), (9, 3).

இங்கே நிற்கும் கீற்றை இடமிருந்து வலமாக நகர்த்திப் பாருங்கள். எக்ஸ் 0 முதல் 4 வரை கீற்றின் இரு முனைகளும் பரவளையத்தின் மேலேயே இருக்கின்றன. 4-ஐத் தாண்டியதும் கீழ்முனை நேர்கோட்டுக்குத் தாவிவிடுகிறது. ஆகவே இரண்டு தொகையீடுகள், கூடவே வர்க்கமூலங்கள்.

கீற்றைப் படுக்க வைத்தால் கதையே வேறு. கீழிருந்து மேல்வரை எங்கே வரைந்தாலும் அதன் வலமுனை நேர்கோட்டிலும் இடமுனை பரவளையத்திலும் இருக்கிறது. நீளம் = வலது − இடது = (ஒய் + 6) − ஒய்². அகலம் இப்போது டிஒய். எல்லைகளும் ஒய் மதிப்புகள்தாம்: −2 முதல் 3 வரை.

தொகையிட்டால் ஒய்²/2 + 6ஒய் − ஒய்³/3. ஒய் = 3 என்று இட்டால் 27/2. ஒய் = −2 என்று இட்டால் −22/3. வித்தியாசம் 125/6.

நிற்கும் கீற்றுகளாலும் ஒரு முறை செய்து பாருங்கள். முதல் துண்டு 32/3, இரண்டாம் துண்டு 61/6, கூட்டினால் அதே 125/6. ஒரே பரப்பை இரண்டு திசைகளில் வெட்டி ஒரே எண்ணுக்கு வந்து சேரும்போதுதான் இந்த முறை மனதுக்குள் உறுதிப்படுகிறது. எந்தத் திசையைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் பின்பற்றும் அளவுகோல் ஒன்றே: எந்தத் திசையில் கீற்றின் முனைகள் தாவாமல் ஒரே வளைவரைகளின் மேல் நகர்கின்றனவோ, அதுவே நல்ல திசை. டிஒய் என்று எழுதிவிட்டு எக்ஸ் எல்லைகளை இட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

முதல் கணக்கில் எல்லைகளின் இடைவெளி 4, விடை 32/3, அதாவது 64/6. இப்போது இடைவெளி 5, விடை 125/6. இது தற்செயல் அல்ல. ஒரு பரவளையமும் நேர்கோடும் அடைக்கும் பரப்பு, எல்லைகளின் இடைவெளியின் கனத்தை 6-ஆல் வகுத்து, இருபடி உறுப்பின் கெழுவால் (குறியை விட்டுவிட்டு) பெருக்கினால் கிடைக்கும். தேர்வில் இதையே விடையாக எழுதாதீர்கள். விடையைச் சரிபார்க்க இதைவிட வேகமான கருவி கிடையாது.

எல்லைகள் கணக்கிலேயே கொடுக்கப்பட்டிருந்தாலும் நடுவில் வெட்டிக்கொள்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள். சைன் எக்ஸ், கோசைன் எக்ஸ் இரண்டுக்கும் நடுவே 0 முதல் பை/2 வரை பரப்பு கேட்டால், அவை பை/4-இல் இடம் மாறுகின்றன. பிரிக்காமல் தொகையிட்டால் பூஜ்யம் வரும். பிரித்தால் ஒவ்வொரு பாதியும் √2 − 1, மொத்தம் 2√2 − 2, ஏறத்தாழ 0.83.

பிரிக்கக் கூடாத இடமும் உண்டு

இதுவரை 'பிரியுங்கள், பிரியுங்கள்' என்றே சொல்லிவந்தேன். அது பரப்பு கேட்கப்படும்போது. வேறொரு கேள்விக்குப் பிரிக்காத தொகையே சரியான விடை.

இரண்டு வண்டிகள் ஒரே இடத்திலிருந்து ஒரே திசையில் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. எக்ஸ் என்பது வினாடிகளில் நேரம். முதல் வண்டியின் வேகம் வினாடிக்கு 6எக்ஸ் − எக்ஸ்² மீட்டர், இரண்டாவதன் வேகம் வினாடிக்கு 2எக்ஸ் மீட்டர். அதே பரவளையம், அதே நேர்கோடு. கீற்றின் நீளம் இப்போது வேக வித்தியாசம், அகலம் நேரம். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம். ஆகவே அந்த இலையின் பரப்பு 'சதுர' எதுவுமல்ல; 4-ஆம் வினாடியில் முதல் வண்டி எத்தனை மீட்டர் முந்தியிருக்கிறது என்பதே அது: 32/3 மீட்டர்.

4-ஆம் வினாடிக்குப் பிறகு இரண்டாம் வண்டி வேகமானது. இடைவெளி சுருங்கத் தொடங்குகிறது. எப்போது மறுபடி ஒன்றாகின்றன? குறியோடு கூடிய தொகை பூஜ்யமாகும்போது: 2எக்ஸ்² − எக்ஸ்³/3 = 0. அதாவது எக்ஸ் = 6. அந்த நேரத்தில் இரண்டுமே 36 மீட்டர் கடந்திருக்கின்றன. இங்கே அறைகளைப் பிரித்துக் கூட்டியிருந்தால் 64/3 என்ற எண் கிடைத்திருக்கும், அது இந்தக் கேள்விக்குப் பயன்படாது. வண்டிகள் கேட்பது நிகர இடைவெளியை. தாளில் உள்ள வடிவம் கேட்பது பரப்பை. கணக்கைத் தொடங்கும் முன் எது கேட்கப்பட்டிருக்கிறது என்று ஒரு கணம் நின்று பாருங்கள்.

பொருளாதாரத்திலும் இதே பரப்பு வருகிறது. மக்களை வருமானம் குறைந்தவரிலிருந்து கூடியவர் வரை வரிசைப்படுத்தி, அடியிலிருந்து இத்தனை பங்கு மக்களுக்கு மொத்த வருமானத்தில் எத்தனை பங்கு போகிறது என்று வரைந்தால் கிடைப்பது லாரன்ஸ் வளைவரை. மாக்ஸ் லாரன்ஸ் இதை 1905-இல் முன்வைத்தார். எல்லோருக்கும் சம வருமானம் என்றால் அது ஒய் = எக்ஸ் என்ற நேர்கோடாகிவிடும். உண்மையான வளைவரை அந்தக் கோட்டுக்குக் கீழே தொய்ந்திருக்கும். நடுவில் உள்ள பரப்பை, கோட்டுக்குக் கீழுள்ள முக்கோணத்தின் பரப்பான 1/2-ஆல் வகுத்தால் வருவதே வருமான ஏற்றத்தாழ்வை அளக்க கொராடோ ஜினி 1912-இல் வெளியிட்ட அளவுகோலின் மதிப்பு. ஒரு கற்பனைச் சமூகத்தின் வளைவரை ஒய் = எக்ஸ்² என்று வைத்துக்கொள்வோம். அங்கே கீழ்ப்பாதி மக்களுக்கு வருமானத்தில் கால் பங்குதான். 0 முதல் 1 வரை எக்ஸ் − எக்ஸ்² என்பதைத் தொகையிட்டால் 1/6, ஜினி மதிப்பு 1/3.

கையோடு செய்து பார்க்க மூன்று கணக்குகள் தருகிறேன். ஒவ்வொன்றிலும் படம் வரைந்து, கீற்றின் நீளத்தை எழுதி, விடை எந்த அளவில் வரும் என்று கணித்த பிறகே தொகையிடுங்கள்.

ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ், ஒய் = 4 − எக்ஸ்² ஆகிய இரண்டு பரவளையங்களுக்கு இடையே: விடை 9.

ஒய் = எக்ஸ்³, ஒய் = 4எக்ஸ் ஆகியவை அடைக்கும் மொத்தப் பரப்பு: விடை 8. பூஜ்யம் வந்தால் 'வளைவரைகள் இடம் மாறும்போது' என்ற பகுதிக்குத் திரும்புங்கள்.

எக்ஸ் = 4 − ஒய்², எக்ஸ் = ஒய்² − 4 ஆகியவற்றுக்கு இடையே: விடை 64/3. கீற்றை எந்தத் திசையில் வரைவது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.